வட்ட மேசைக்குத் தலைப்பக்கம் எது?

“இந்த நாற்காலியில நான் உக்கார மாட்டேன். இதுல உக்காந்தா கணப்பு அந்த டாக்டர் பக்கம் போயிருது பாரு” என்றார் மாரப்பன்.

விருந்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காலி மேசை, காலி நாற்காலிகள், சுவரோரம் தீ மூட்டாத கணப்பு. கிளப் மானேஜர் கீர்த்திவாசன் தான் வரைந்து வைத்திருந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் கணப்பு டாக்டர் பக்கம்தான் இருந்தது.

“மாத்திடறேனுங்க. ரொம்ப நன்றிங்க.”

அந்த வருடம் கீர்த்திவாசனுக்கு எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் பழக்கம் வந்திருந்தது. திட்டினாலும் நன்றிதான். பச்சைத் தேயிலை விலை பாதாளத்தில் கிடந்தது. குன்னூரைச் சுற்றிப் பாதி ஃபாக்டரிகளில் புகையில்லை. வாரம் தவறாமல் கிளப்பில் பார்ட்டி வைத்த எஸ்டேட்காரர்கள் வீட்டிலேயே உப்புமா சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுச் சமையல்காரர்களே சொன்ன தகவல் இது, கிளப்புக்குக் கீழ்த்தெருவில் குடியிருக்கும் நாங்களாகக் கேட்கவில்லை.

கிளப் கமிட்டி கீர்த்திவாசனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது: “ஆளே சாப்பிடாத கிளப்புக்குச் சமையலறை எதுக்கு? இந்த மாசம் பாப்போம். இல்லைன்னா பூட்டிரலாம்.”

பூட்டினால் சமையல்கார மரகதமும், பரிமாறும் பவுல்ராஜும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மரகதத்தின் புருஷன் வேலை பார்த்த எஸ்டேட் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது கிளப் அடுப்பை நம்பித்தான்.

அந்த மாதம் புத்தகத்தில் பதிவாகியிருந்தது ஒரே ஒரு மதிய விருந்து. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் எழுநூறு வருடமாக நடக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டு, மலைக்குத் திரும்பி வந்து முடி நரைத்த எட்டுப் பெரியவர்களின் ஆண்டு விருந்து. வழக்கமாக ஊட்டியில் ஓட்டலில் கூடுவார்கள். இந்த வருடம் இங்கே கேட்டிருந்தார்கள். எட்டில் ஐந்து பேர் ஆஷ்கோம்ப் கல்லூரி. அவர்களுக்குப் பெரியவர் எஸ்டேட் முதலாளி மாரப்பன். மற்ற மூவர் பெல்ஹாம் கல்லூரி. பெரியவர் டாக்டர் ஜமீல்.

கீர்த்திவாசன் அஞ்சல்வழியில் பி.காம். முடித்தவர். அவருக்கு இந்த விவகாரம் பிடிபடவில்லை.

“ரெண்டு பேருமே ஒரே யூனிவர்சிட்டிதானுங்களே?” என்று கேட்டுவிட்டார்.

மாரப்பனின் முகம் மிளகாயைக் கடித்ததுபோல ஆனது. “ஏப்பா, யாருகிட்ட என்ன பேசறே? ஆஷ்கோம்ப் கட்டி முடிச்சப்போ பெல்ஹாம் இருக்கற எடத்துல வாத்து மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மூணு பிரதம மந்திரி எங்க காலேஜ். அவங்க காலேஜைக் கட்டுனது ஒரு மீன் வியாபாரி.”

“தெரியாமப் போச்சுங்க. நன்றிங்க.”

நீள மேசையைத் தூக்கிவிட்டு வட்ட மேசை போட்டார் கீர்த்திவாசன். மறுநாள் டாக்டர் ஜமீல் வந்து அதை ஒருமுறை சுற்றி நடந்தார்.

“தம்பி, வட்ட மேசைக்கும் தலைப்பக்கம் உண்டு. சூப்பு முதல்ல எங்கே இறங்குதோ, அதுதான் தலைப்பக்கம்.”

“மாரப்பன் அய்யாவுக்கு வயசு கூடங்க, அதனால…”

“வயசு அவருக்குத்தான் கூட. காலேஜுக்கு இல்ல. அவங்க சொல்ற எழுநூறு வருசத்துல முந்நூறு வருசம் அது மாட்டுக் கொட்டகை.”

ஆக, இரண்டு பக்கமும் ஒரே நொடியில் சூப் இறங்கவேண்டும். பவுல்ராஜ் ஒரு ஆள். இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? கேட் வாட்ச்மேன் மாரிச்சாமிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். கிளப் வாசலில் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பயிற்சி நடந்தது.

“ஒண்ணு, ரெண்டு, வைய்யி!” என்றார் பவுல்ராஜ்.

மாரிச்சாமி ‘ஒண்ணு’விலேயே வைத்தார்.

“என்னண்ணா இது?”

“தட்டு சுடுதுப்பா.”

“பச்சத் தண்ணி எப்படிண்ணா சுடும்?”

“சூப்பு சுடுமில்ல? அதை நெனச்சுக்கிட்டேன்.”

அடுத்தது இனிப்பு. ஆஷ்கோம்பில் சாப்பாடு சர்க்கரையைக் கருக்கிய கஸ்டர்டில்தான் முடியுமாம். பெல்ஹாமில் பாகு ஊற்றி ஆவியில் வெந்த புட்டிங். மற்றதைக் கண்ணால் பார்த்தாலே இரண்டு பக்கத்துக்கும் ஆகாது.

“ஏனுங்க, ரெண்டும் வயித்துக்குள்ளதானுங்க போகுது?” என்றாள் மரகதம்.

“அதை அவுங்க முன்னாடி சொல்லீராத தாயி.”

தனியாக முடியாது என்று அவள் தன் நாத்தனார் ராமாத்தாளைக் கூட்டிவந்தாள். சமையலறையில் ஒரே நாளில் இரண்டு பெண்கள், இரண்டு அடுப்பு. கீழ்த்தெரு வரைக்கும் வாசனை வந்தது. பல மாதமாக வராத வாசனை என்பதால் நாங்கள் ஜன்னலைச் சாத்தவில்லை.

விருந்தன்று முதலில் ஜெபம். கல்லூரிக்கொரு லத்தீன் ஜெபம் உண்டாம். எது முதலில் என்று சண்டை. கீர்த்திவாசன் பவுல்ராஜைத் தமிழில் ஜெபிக்கச் சொன்னார். அதற்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பவுல்ராஜின் பார்வை டாக்டர் மேல் விழுந்துவிட்டது.

“ஆசீர்வாதம் பூரா அந்தப் பக்கமா?” என்றார் மாரப்பன்.

அவர் பக்கம் திரும்பி இன்னொரு ஆமென் சொல்லிச் சமாளித்தார் பவுல்ராஜ்.

சூப் மட்டும் கடவுள் புண்ணியத்தில் ஒரே நொடியில் இறங்கியது. கதவோரம் நின்ற கீர்த்திவாசன் யாருக்கென்று இல்லாமல் நன்றி சொன்னார்.

இனிப்புக்கு முன்னால் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் நேரம். ஆஷ்கோம்ப்காரர்கள் உட்கார்ந்தபடியே குடிப்பார்கள். என்றோ ஒரு பிஷப் எழுந்து உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டாராம். பெல்ஹாம்காரர்கள் நின்றுகொண்டுதான் குடிப்பார்கள். என்றோ ஒரு குளிர்காலத்தில் நாற்காலிகளையெல்லாம் எரித்துவிட்டார்களாம்.

“நில்லுங்க!” என்றார் டாக்டர்.

“உக்காருங்க!” என்றார் மாரப்பன்.

கீர்த்திவாசன் பாய்ந்து நடுவில் வந்தார். “பாதி எந்திரிச்சாப் போதுமுங்க!”

எட்டுப் பெரியவர்கள், பதினாறு முழங்கால்கள். பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, கோப்பையும் கையுமாக அந்தரத்தில் நின்றார்கள். மூன்றாவது நொடியில் மாரப்பனின் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. விழாமலிருக்க டாக்டரின் தோளைப் பற்றினார்.

“எல்லாரும் பாத்துக்குங்க!” என்று கத்தினார் டாக்டர். “ஆஷ்கோம்ப் நிக்கறதே பெல்ஹாம் தோள்லதான்!”

அவ்வளவுதான். மாரப்பன் கைத்துண்டை வீசினார். “இனி பெல்ஹாம்காரன் உக்கார்ற மேசையில ஆஷ்கோம்ப் கை நனைக்காது!”

“மேசை என்ன மேசை? உங்க ஆளுக வர்ற நாள்ல இந்தக் கூரைக்குக் கீழயே நாங்க வரமாட்டோம்!”

கல்லூரிக்கொரு வாசல் வழியாக எட்டுப் பேரும் வெளியேறினார்கள். இரண்டு இனிப்பும் தொடாமல் அப்படியே இருந்தன. அவை கீழ்த்தெருவுக்கு வந்து சேர்ந்தன. கஸ்டர்டா புட்டிங்கா என்பதில் எங்கள் தெருவில் சண்டையே வரவில்லை. இரண்டையும் தின்றோம், மரகதத்தை வாயார வாழ்த்தினோம்.

மறுநாள் காலை கீர்த்திவாசன் சமையலறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“போச்சு மரகதம். எல்லாம் என்னாலதான். அவுங்கள அவுங்க பாட்டுக்கு விட்டிருந்தா அடுத்த வருசமாவது வந்திருப்பாங்க. பாதி எந்திரிக்கச் சொன்னேன் பாரு.”

மரகதம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நேத்து ஒரு நாளாவது அடுப்பு நெறைய எரிஞ்சுதுங்க. ராமாத்தா ஊட்டுலயும் நேத்து சோறுங்க. நீங்க மெனக்கெட்டதுக்கு நான்தானுங்க நன்றி சொல்லோணும்.”

கீர்த்திவாசன் தலையைக் குனிந்துகொண்டார். கமிட்டிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது மாரப்பனின் டிரைவர் வடிவேல் உள்ளே வந்து இரண்டு உறைகளை நீட்டினான்.

முதல் கடிதம்: ஆஷ்கோம்ப் கல்லூரிக்கு இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதிய விருந்து. இரண்டாவது கடிதம்: பெல்ஹாம் கல்லூரிக்கு இனி ஒவ்வொரு சனிக்கிழமையும். பரிமாற மாரிச்சாமியும், சமையலுக்கு ராமாத்தாளும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று இரண்டிலும் அடிக்கோடு.

கீர்த்திவாசன் இரண்டையும் இரண்டு தடவை படித்தார். “ஏப்பா வடிவேலு, இவுங்கதான் மூஞ்சியில முழிக்க மாட்டாங்களே. டாக்டர் லெட்டர் உங்கையில எப்படி வந்துச்சு?”

“நேத்து ராத்திரியிலிருந்து டாக்டரய்யா எங்க ஊட்டுலதானுங்க இருக்காரு, ‘ஒண்ணா சாப்பிட்டா கிளப்புச் சமையக்கட்டுப் புள்ளைகளுக்கு வருசத்துல ஒரு நாள் வேலை, சண்டை போட்டா வாரத்துல ரெண்டு நாள்’னு அவரு கணக்குச் சொல்ல, மூணாவது காலேஜ்ல படிச்ச ஆளு இந்த மலையில எவனாவது இருக்கானான்னு எங்கய்யா விடியக்காலத்திலிருந்து போன் போட்டுத் தேடிக்கிட்டு இருக்காருங்க.”