குண்டானில் வாலாம்பாள்

மாமியார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து இறங்க மூன்றே மணி நேரம். மரியராஜ் பரணிலிருந்து இறக்கிய எவர்சில்வர் குண்டானில் வெட்டியிருந்த பெயரோ, "வாலாம்பாள்".

"யாரும்மா நீ?" என்று குண்டானையே கேட்டான்.

மாமியார் ரெபேக்கா தன் சமையலறையிலிருந்து ஆசையாக எடுத்து மகள் மோலிக்குச் சீராகக் கொடுத்த குண்டான். சாக்கோடு வந்து சாக்கோடு பரணில் ஏறியது. போன வருஷம் மோலிக்குத் தெரியாமல், மாதா கோவில் திருவிழாப் பிரியாணிக்கு அதை இரவல் கொடுத்திருந்தான். அங்கேதான் மாறிப்போயிருக்க வேண்டும். குடை, ஹெல்மெட், கல்யாணத்தன்றே ஒரு ஷூ என்று தொலைப்பதில் பேர் எடுத்தவன் அவன். "குண்டானையும் தொலைச்சிருந்தா, இனிமே மாப்பிள்ளைன்னு கூப்பிட மாட்டேன்" என்று மாமியார் போனிலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் ஹெப்பாள் சாணைக்கல் கம்பெனியின் ஸ்டோர் கீப்பருக்கா வழி தெரியாது? வீட்டில் கருப்பு சிலிக்கான் கார்பைடு தேய்ப்புப் பொடியின் சாம்பிள் பொட்டலங்கள் இருந்தன. "வைரத்துக்கு அடுத்தபடி நம்ம சரக்குதான்! கிரானைட்டை அறுக்கும், கண்ணாடியைத் தேய்க்கும், உலையில போட்டாலும் அசையாது" என்று வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொல்பவன் ஆயிற்றே.

முப்பத்தாறாம் நம்பர் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தான். நம்பர் குறையக் குறையப் பொடி முரடு என்பதைப் பதற்றத்தில் மறந்துவிட்டான், பாவி. வாலாம்பாள் போய்விட்டாள். அந்த இடம் மட்டும் பூனை பிராண்டியதுபோல் நின்றது.

அதை மறைக்க, குண்டான் முழுவதையும் பிராண்டினான். அதையும் மறைக்க, நைசான பொடியாகப் போட்டு மாங்கு மாங்கென்று தேய்த்தான். கடைசியில் கரி அப்பிய அவன் முகமே குண்டானில் தெரிந்தது. மாமியார் காலத்துப் பாத்திரம் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது.

"செத்தேன்! புதுசு வாங்கி ஏமாத்தறேன்னு சொல்லுவாங்களே!"

பேர் வெட்டிவிட்டால் சந்தேகம் வராது. ஸ்கூட்டரில் அக்ரஹாரத்துப் பாத்திரக்கடைக்குப் பறந்தான். பேர் வெட்டும் பசவராஜுக்குத் தமிழ் படிக்க வராது. சீட்டில் எழுதிக் கொடுத்து, "அப்படியே பாத்து வெட்டுங்க. ஒரு புள்ளி விடக்கூடாது" என்றான்.

குண்டான் திரும்பி வந்தது. "ரெபேக்கா அவசரம்". ஸ்டோரில் எந்தச் சீட்டு எழுதினாலும் அடியில் 'அவசரம்' போட்டுப் பழகிய கை!

"ஐயோ, இதை ஏங்க வெட்டினீங்க?"

"நீவே ஹேளித்ரி சார், நீங்கதானே சொன்னீங்க, ஒரு புள்ளி விடாதேன்னு!"

வீட்டுக்கு ஓடிவந்து 'அவசரம்' என்பதை மட்டும் தேய்த்து அழித்து, அந்த இடத்தை மறுபடி பளபளப்பாக்கி முடிக்கவும் காலிங் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. ஸ்டேஷனுக்குப் போயிருந்த மோலி தன் அம்மாவோடு நின்றாள்.

ரெபேக்கா உட்காரக்கூட இல்லை. "எங்க மாப்பிள்ளை, என் குண்டான்?"

நீட்டினான். திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார்.

"பாத்தீங்களா அத்தை, உங்க பேரு! கண்ணும் கருத்துமா வச்சிருக்கேன்" என்றான் மரியராஜ், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

ரெபேக்கா குண்டானை மகள் கையில் திணித்தார்.

"இதையும் தொலைச்சுட்டாருடி உன் வீட்டுக்காரர்! என் கல்யாணத்துக்கு எங்க டீச்சர் குடுத்த குண்டான்டி அது, அதுல வாலாம்பாள்னுல்ல வெட்டியிருக்கும்!"