பினாயில் அம்மா வீட்டு நாய்க்குட்டி

ஏற்காட்டில் மலை மேல் எஸ்டேட் வாங்கிவிடலாம், முதலாளி மகளைக்கூடக் கட்டிக்கொண்டுவிடலாம். பினாயில் அம்மாவிடம் ஒரு நாய்க்குட்டி மட்டும் வாங்கிவிட முடியாது.

சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கொட்டச்சேடு போகிற சாலையில் வீடு. கேட்டைத் திறந்ததும் ஒரு தகரத் தட்டில் பினாயில் தண்ணீர் இருக்கும். யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்ற பிறகுதான் உள்ளே போகலாம். ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர் கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. ஓட்டு கிடைத்ததா என்பது தெரியாது.

அவரிடம் ரோஸி என்று ஒரு டாஷண்ட் நாய் இருந்தது. நீள உடம்பு, குட்டைக் கால். எப்போதாவது ஒருமுறைதான் அதைக் குட்டி போட விடுவார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு வங்கியில் மாற்றலாகி ஏற்காட்டுக்குப் போனோம். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் எங்களுக்குப் பிறந்த குழந்தை தங்காமல் போயிருந்தது. என் மனைவி வசந்தா அழவில்லை. பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள். நான் ஆபீசுக்குப் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனியைப் பார்ப்பாள். திரும்பி வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாய்க்குட்டி வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆபீஸ் பியூனிடம் விசாரித்தேன்.

"சேலத்துல கூடைல வெச்சு விக்கறானே, அத மட்டும் வாங்காதீங்க சார். ஊடு வந்து சேர்றதுக்குள்ள செத்துப்போயிருமுங்க. பினாயில் அம்மாகிட்டப் போங்க. நல்ல குட்டி. ஆனா குடுக்காதுங்க."

போனோம். பினாயிலில் நின்றோம். அந்த அம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார்.

"ஏனுங்க, நாய் எதுக்கு?"

"காவலுக்கு" என்றேன்.

"பூட்டு வாங்குங்க. பூட்டுக்குச் சோறு வேண்டாம்."

எழுந்துவிடலாமா என்று நான் யோசிக்கும்போது வசந்தா வாயைத் திறந்தாள். "வீட்ல சத்தமே இல்லைங்க."

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழம வா கண்ணு. இவரையும் வேணும்னா கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை போனால் குட்டிகளைக் காட்டவில்லை. "மொதல்ல தாயைப் பாருங்க. தாய் கடிச்சா குட்டியும் கடிக்கும்" என்று ரோஸியை எங்களோடு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ரோஸி என்னை முகர்ந்துவிட்டு வசந்தாவின் மடியில் ஏறிப் படுத்தது. அதன் பிறகுதான் உள்ளே அனுமதி. எந்தக் குட்டி எங்களுக்கு என்பதையும் அவரேதான் முடிவு செய்தார். "பொண்ணு மாதிரி அமைதியா ஒண்ணு இருக்குது. அதுதான் உனக்கு" என்று ஒரு பழுப்புக் குட்டியைக் காட்டினார். தாயைவிட்டுப் பிரிகிற வயது வரும்வரை எடுத்துப் போகக் கூடாது. ஆனால் வாராவாரம் வந்து பார்க்க வேண்டும்.

வாராவாரம் நாங்கள் பார்த்தது ஒரு சர்க்கஸ். குட்டிகளுக்கு உலகம் பழக வேண்டுமாம். அதனால் பக்கத்தில் நின்று தட்டைக் கீழே போடுவார், குடையைப் படாரென்று விரிப்பார். செத்துப்போன கணவரின் தொப்பியையும் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு ஆண் நடை நடந்து காட்டுவார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சுற்றுலா வந்த ஒரு தாடிக்காரரை மடக்கினார்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் எங்கூட்டுக்கு வர்றீங்களா? எங் கொழந்தைங்க தாடியே பாத்ததில்லீங்க."

அந்த மனிதர் பயந்து, வந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். வசந்தா அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

குட்டியைக் கொடுப்பதற்கு முன்பு எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தார். வந்தவர் கூடத்தில் குப்புறப் படுத்துவிட்டார். பக்கத்திலேயே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்.

"குட்டைக் கால் நாயிங்க. அதும் ஒயரத்துல இருந்து பாத்தாத்தானே தெரியும்" என்று தவழ்ந்தபடியே அறைக்குள் போனார். அலமாரிக்கு அடியிலிருந்து எதையோ குச்சியால் தள்ளி எடுத்தார். எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன எலி விஷ உருண்டை. அந்த அம்மா திட்டவில்லை. வீடு முழுக்க இன்னொரு முறை தவழ்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டியிருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "யாரும் வராதீங்க. குட்டிங்களுக்குச் சீக்கு."

தடுப்பூசி போட வேண்டிய வயது வருவதற்குள் நோய் முந்திக்கொண்டது. வாந்தி, ரத்தமாகப் பேதி. சேலத்திலிருந்து வந்த கால்நடை டாக்டர் கேட்டுக்கு வெளியே நின்று கை கழுவிக்கொண்டே சொன்னார்: "புதுசா பரவுற வியாதிம்மா. பினாயிலுக்கெல்லாம் சாகாது. பிளீச்சிங் பவுடர் போடுங்க."

அந்த அம்மா தகரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தார். நோய் எப்படி உள்ளே வந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. பினாயில் வீட்டுக்குள்ளேயே நோய் புகுந்ததைச் சொல்லி டீக்கடையில் சிலர் சிரித்தார்கள். நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

வசந்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள். அந்த அம்மா யோசித்தார்.

"உங்கூட்ல வேற நாய் கெடையாது. நீ மட்டும் வா கண்ணு. சேலையை இங்கியே மாத்திக்கோ."

பகல் முழுக்க இரண்டு பேரும் சொட்டுச் சொட்டாக உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். ஐந்து குட்டிகளில் நான்கு போய்விட்டன. ஒவ்வொன்றையும் வெந்நீர்த் துணியால் துடைத்து, சில்வர் ஓக் மரத்தடியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார் அந்த அம்மா. எங்களுக்கென்று சொல்லியிருந்த பழுப்புக் குட்டி வசந்தாவின் மடியில்தான் போயிற்று. அவள் அழுதாள். எங்கள் குழந்தைக்கும் சேர்த்து அழுதாள் என்று கேட்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்குப் புரிந்தது. அந்த அம்மா "அழாதே" என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிழைத்தது ஒரு கறுப்புக் குட்டி. அதைச் சேலத்தில் ஒரு பெரிய மனிதருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். குட்டி தேறி, இனி மற்ற நாய்களுக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவரை வரச் சொன்னார். அவர் காரில் வந்து இறங்கியதும் அந்த அம்மா முதல் வார்த்தையாக, "இது சீக்கு வந்து பொழச்ச குட்டிங்க" என்றார்.

பெரிய மனிதர் பின்வாங்கினார். "சீக்கு நாய் எனக்கு எதுக்கும்மா? சொல்லாமக் குடுத்திருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுங்க. அதனாலதான் சொன்னேன்."

கார் போன பிறகு குட்டியை எடுத்து வசந்தாவின் கையில் வைத்தார். "ஒனக்குச் சொன்ன குட்டி இதில்ல. ஆனா இதை நீ விட்டுப்போட்டுப் போக மாட்டே."

மிளகு என்று பெயர் வைத்தோம். ரோஸிக்கு அதன் பிறகு அவர் குட்டியே வேண்டாம் என்றுவிட்டார். டாக்டரை வரவழைத்து ஆபரேஷனும் செய்துவிட்டார். நாய் கேட்டு யார் வந்தாலும், "என்னால முடியாதுங்க, ஒவ்வொண்ணையும் கையில வெச்சிருந்தேன்" என்று மட்டும் சொல்வார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். மிளகின் பல்லைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், என்னை முறைத்துவிட்டுப் போவார்.

சில வருஷங்களில் எனக்கு மறுபடி மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய லாரிக்கு முன்னால் டாக்ஸி நின்றது. அந்த அம்மா மிளகுக்கு ஒரு கம்பளித் துண்டு கொண்டுவந்திருந்தார். மலை இறங்கும்போது வாந்தி எடுக்கும், பால் வைக்காதே, ஜன்னலைச் சாத்தாதே என்று வசந்தாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நாயை அழ வெக்காதீங்க. அந்தப் புள்ளையையுந்தான்."

வசந்தாவை எனக்குக் கட்டிக் கொடுத்தபோது என் மாமனார்கூட அப்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை. டாக்ஸி நகர்ந்ததும் பெற்ற தாயை விட்டுப் போகிற மாதிரி இருந்தது, எனக்கும்.