மொத்த எடை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பார்சல் கம்பெனியின் கிளை அலுவலகம் உடல் எடையைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் வரை.

தலைமை அலுவலகத்தின் உத்தரவு சுருக்கமாக இருந்தது. ஊழியர்கள் பெருத்துக்கொண்டே போகிறார்கள், நாற்காலிகள் முறிந்துகொண்டே போகின்றன, ஆகவே எடையை அதிகம் குறைக்கும் கிளைக்குக் கேடயம் தரப்படும். மேலாளர் அன்றைக்கே 'உடல்நல மேம்பாட்டு உயர்மட்டக் குழு'வை அமைத்துவிட்டார். தலைவர் அவரே. செயலாளர் கணக்கர். உறுப்பினர் காசாளர் அம்மாள். முதல் கூட்டத்தில் டீயும் கிரீம் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. வெறும் வயிற்றில் யாரும் கொள்கை முடிவு எடுக்கக் கூடாது என்பது மேலாளரின் கொள்கை.

எடை பார்ப்பதில்தான் சிக்கல் வந்தது.

"என் எடையை நான் சொல்ல மாட்டேன் சார். என் வீட்டுக்காரருக்கே தெரியாது" என்றார் காசாளர்.

மேலாளரும் தன் தொப்பையை மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டு, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்றார். கணக்கர் வழி சொன்னார்.

"தனித்தனியா எதுக்கு சார்? கிடங்குல எடைமேடை இருக்கு. எல்லாரும் மொத்தமா ஏறி நிப்போம். சரக்கை அப்படித்தான போடறோம்?"

அப்படியே கிளை முழுவதும் மூட்டைகள் போல நெருக்கியடித்து நின்றது. முள் எங்கே நின்றதோ அது கிளையின் 'மொத்த எடை' என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. யார் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. இதுதான் ஜனநாயகம்.

இந்தத் திட்டத்தை மனதார நம்பிய ஒரே ஆள், காணாமல் போன பார்சல்களுக்கான பிரிவின் குமாஸ்தா. அனுப்பிய பார்சல் தொலைந்துபோய் வந்து நிற்பவர்களிடம் "விசாரிச்சுட்டு இருக்கோம்" என்று முகம் கோணாமல் சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குக் 'கனம்' என்று பட்டப்பெயர். ஆண்டுவிழாவில் யாராவது "கனம் தலைவர் அவர்களே" என்று பேச ஆரம்பித்தால், தலைவரை விட்டுவிட்டு எல்லோரும் இவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். வேறென்ன செய்ய?

கனத்துக்குக் கேடயம் முக்கியமில்லை. அவர் மகள் அப்போதுதான் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வர ஒரு ஆள் வேண்டும். கனம் தெருமுனை வரை ஓடுவார், பிறகு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். "பரவால்லப்பா, நீங்க நில்லுங்க. நான் தள்ளிக்கிட்டே போறேன்" என்று அவள் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் கம்பத்தடியில் நின்றே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தெருவின் கடைசி வரைக்கும் ஒரு தடவையாவது அவள் பின்னால் ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அதனால் அவர் காலையில் எழுந்து நடந்தார். டீயில் சர்க்கரையை விட்டார். தட்டில் போடுவதைக் குறைத்தார். மனைவி இரண்டாம் தடவை கரண்டியோடு வந்தால் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். "என்னங்க, என் சமையல் அலுத்துப்போச்சா?" என்று கேட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனைவி, பிறகு தானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

உயர்மட்டக் குழு இப்படி அவசரப்படவில்லை. அறிவியல்பூர்வமாக அணுகியது. உணவு ஆலோசகர் ஒருவரை வரவழைத்து உரை நிகழ்த்தச் செய்து, உரைக்குப் பிறகு அவரைக் கௌரவிக்கக் கேக் வெட்டியது. 'நாற்காலி உடற்பயிற்சி' அறிமுகமானது. நாற்காலியை விட்டு எழாமல் இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று. நாற்காலிகள் நன்றாக இளைத்தன. மேலாளர், நடப்பதை அளக்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி, அதைக் காலையில் சுமை ஏற்றுபவர் கையில் கட்டிவிட்டு, மாலையில் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"சார் இன்னைக்கு ரொம்ப நடந்துட்டீங்களே" என்று கணக்கர் கடிகாரத்தைப் பார்த்து வியப்பார்.

"கால் எல்லாம் வலி" என்பார் மேலாளர். அவருக்கு உண்மையிலேயே வலித்திருக்கும். மனசாட்சி உள்ளவர்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருவதற்கு முன் ஒத்திகை பார்த்தார்கள். எல்லோரும் எடைமேடையில் ஏறினார்கள். முள் பழைய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. மேலாளர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். கனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய பெல்ட்டில் செருப்பு தைப்பவர் உள்பக்கமாகப் புது ஓட்டைகள் போட்டுக் கொடுத்திருந்தார். தான் இறக்கியதை மற்றவர்கள் பங்கு போட்டு ஏற்றிக்கொண்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கணக்கர் தொண்டையைக் கனைத்தார்.

"கனம் சார், நீங்க கொஞ்சம் கீழ இறங்குங்க."

இறங்கினார். முள் விறுவிறுவென்று பின்னால் வந்தது. கிளை முழுவதும் கைதட்டியது. காசாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் உழைப்பைத்தான் கடைசியில் கண்டுகொண்டார்கள் என்று நினைத்து, கனம் பெல்ட்டைச் சரிசெய்தபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று மாலையே மாற்றல் உத்தரவு கைக்கு வந்தது. ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய ஊர்.

"தற்காலிகம்தாங்க. ஆய்வு முடியட்டும், கூப்பிட்டுக்கறேன்" என்றார் மேலாளர்.

"என்னைவிடப் பெரிய உடம்புக்காரங்க இருக்காங்களே சார். நான் இப்ப இளைச்சுட்டேன்."

"அதெப்படிங்க சொல்றது? யார் எடையும் யாருக்கும் தெரியாதே. உங்க பேர்தான ஊருக்கே தெரியும்."

கனம் ரயிலேறினார். கிளைக்குக் கேடயம் கிடைத்தது. விழாவில் 'விடாமுயற்சி' பற்றி மேலாளர் பேசிய பேச்சைக் கேட்டு ஆய்வாளரே உருகிப்போனார்.

போன ஊரில் கனத்துக்கு யாரையும் தெரியாது. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்துவிடுவார். அறையில் இருக்கப் பிடிக்காமல் நடந்தார். நடக்கப் பிடிக்காதபோது ஓடினார். தெருக் கடைசி வரை ஓடித் திரும்பியும் மூச்சு வாங்காத ஒரு நாள், சட்டென்று நின்று யோசித்து, லீவு போட்டுக்கொண்டு நேராகப் பழைய கிளைக்கு வந்து சேர்ந்தார். வாசல் காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "என்ன பார்சல் தொலைஞ்சுபோச்சு?" என்று கேட்டார்.

மேலாளர் அறையில் கேடயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் பாதி தின்ற கேக்.

"யாருங்க நீங்க?"

"நான்தான் சார். கனம்."

"அட, என்னங்க இப்படி ஆயிட்டீங்க? உடம்பைப் பார்த்துக்கக் கூடாதா?"

"சார், கூப்பிட்டுக்கறேன்னு சொன்னீங்க. இப்ப நான் பாதி ஆளுதான். என்னை ஏத்தினாலும் முள்ளு பெரிசா நகராது. இங்கயே போட்டுடுங்க சார். பொண்ணு இன்னும் சைக்கிளை உருட்டிக்கிட்டே போறாளாம்."

மேலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எடையைக் குறைக்கறது பெரிய விஷயம் இல்லைங்க. யார் வேணாலும் குறைப்பாங்க. குறைஞ்சது திரும்ப வராம பார்த்துக்கறோம் பாருங்க, அதுதான் கஷ்டம். இந்த வருஷம் போட்டியே அதுக்குத்தான்."

"நான் திரும்ப ஏத்திக்க மாட்டேன் சார். பழக்கம் வந்துடுச்சு."

"உங்க எடையைப் பத்தி யாருங்க பேசறா? இந்தக் கிளை குறைச்ச எடையே நீங்கதான. உங்களை எப்படிங்க திரும்ப வர விடுவேன்?"

கனம் படியிறங்கி வந்தார். காணாமல் போன பார்சல் பிரிவில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மகள்.

"என்னப்பா சொன்னாங்க? இங்கயே எப்ப வந்துடுவீங்க?"

வாய் பழகிய பழக்கத்தில், "விசாரிச்சுட்டு இருக்காங்கம்மா" என்றார்.

அந்தக் கிளை இந்த வருஷமும் கேடயத்தை விடப்போவதில்லை என்கிறார்கள். விடவும் கூடாது. குறைத்துக் காட்டினார்கள் என்பது பொய்யில்லையே. ஒரு வீட்டில் ஓர் ஆள் குறைந்துதான் இருக்கிறார்.