நாலு வோல்ட்டைத் தேடிப் போனவர்

அளந்து பார்க்கிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டு வயர்கள் எட்டிப் பார்க்கும். உள்ளே இருப்பது வோல்ட் மீட்டர்.

வீட்டில் பல்பு எரிந்தால் இவருக்குப் போதாது, எத்தனை வோல்ட்டில் எரிகிறது என்று தெரிய வேண்டும். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கினால் கடைக்காரர் கண்ணெதிரே அளந்துவிட்டுத்தான் வாங்குவார். கல்யாண வீட்டில் கூட்டமெல்லாம் மணமக்களை வாழ்த்த மேடைப் பக்கம் நகரும்போது, ஒருவர் மட்டும் ஜெனரேட்டர் இருக்கும் கொல்லைப் பக்கம் நகர்வாரே, அவரேதான். மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அளக்க மாட்டார். "அது சும்மா சூடு" என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் பழைய கார் ஒன்றும் வாய்த்துவிட்டால் என்ன ஆகும்?

காளவாசலில் பிளைவுட் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டிக்கு வாய்த்தது. வெள்ளை அம்பாசடர். அவருக்கு முன்பே பிறந்தது. போன ஆவணியில் அவருடைய ஒரே தங்கை தாமரைச்செல்வியின் குழந்தைக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஜெயபாண்டி தட்டுத்தட்டாகச் சீர் எடுத்தார், தோடு எடுத்தார், கிடா ஒன்றும் பிடித்தார். தட்டுகள் டிக்கியில், கிடா பின்சீட்டில், மனைவி நாகஜோதி முன்சீட்டில். விடிந்ததும் புறப்பட்டார்கள்.

செக்கானூரணி தாண்டியதும் வண்டி இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் நின்றுவிட்டது.

ஜெயபாண்டி பதறவில்லை. உள்ளதைச் சொல்வதானால், அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. பானெட்டைத் திறந்து, சாவியைத் திருப்பி, மீட்டரை எடுத்தார்.

"பேட்டரில பன்னெண்டர இருக்கு. பொறி குடுக்குற காயிலுக்கு எட்டரதான் வந்து சேருது. அப்புறம் எப்படி பிளக்குல தீப்பொறி வரும்?"

"சரி, என்ன செய்யணும்?" என்றாள் நாகஜோதி.

"ஒரு வயரை பேட்டரில இருந்து நேரா காயிலுக்கு இழுத்துவிட்டாக் கிளம்பிரும்."

இழுத்துவிட்டார். கிளம்பியும்விட்டது. அம்பாசடர் நின்ற இடத்திலேயே குதூகலமாகக் குலுங்கியது, கிடா கத்தியது, நாகஜோதி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

ஜெயபாண்டி எஞ்சினை அணைத்தார். இழுத்த வயரைப் பிடுங்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

"வண்டி ஓடிரும்டி. ஆனா அந்த நாலு வோல்ட் எங்க போச்சு?"

இந்த இடத்தில்தான் இந்த இனம் மற்ற மனிதர்களிடமிருந்து பிரிகிறது. நீங்களோ நானோ நாலு வோல்ட் போனால் போகட்டும் என்று புறப்பட்டிருப்போம். அவரால் முடியவில்லை. முடியவே முடியவில்லை. ஃபியூஸ் பெட்டியை அளந்தார், ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார், மறுபடி அளந்தார், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்கள் மட்டும் சாலையோரம் நீட்டிக்கொண்டிருக்கப் படுத்தார். இருக்கையில் கிடந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாகஜோதிதான் எடுத்தாள்.

"மதினி, எங்க வாரீக? எல்லாரும் வந்துட்டாக. எங்க அண்ணன் எங்க?"

"இந்தா வந்துக்கிட்டே இருக்கோம் தாமரை."

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "இந்தா, கண்டுபிடிச்சிருவேன்."

நாகஜோதி சண்டை போடவில்லை. அந்த வழியே வந்த லோடு ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தினாள். தட்டுகளை ஏற்றினாள், கிடாவை ஏற்றினாள், தானும் ஏறினாள். "நான் போறேன்" என்றாள். "அந்தச் சுவிட்சை ஒரு தரம் போடு" என்றார் அவர். ஆட்டோ போய்விட்டது.

கோயிலில் பட்டுச்சேலையோடு கிடாவைப் பிடித்தபடி இறங்கியவளைப் பார்த்து, "தாய்மாமன் எங்கம்மா?" என்றார் ஒரு பெரியவர். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. தாமரைச்செல்வி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வர நேரமாகும். நான் உக்காருறேன்" என்றாள் நாகஜோதி.

"அத்தை மடியில குத்துற வழக்கம் இல்லையே" என்றார் பெரியவர்.

"சீரு நாந்தேன் கொண்டாந்தேன். கிடாயும் நாந்தேன் கொண்டாந்தேன். மடி மட்டும் ஆகாதாக்கும்?"

கிடாவின் கயிற்றை அவர் கையில் திணித்தாள். அவள் உட்கார்ந்தாள். குழந்தை வீறிட்டது. தோடு ஏறியது.

பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் அம்பாசடர் வந்தது. இருமல் இல்லை, தயக்கம் இல்லை, அம்புட்டு சுத்தமான ஓட்டம். கையெல்லாம் கரியோடு இறங்கிய ஜெயபாண்டி நேரே தங்கையிடம் போனார்.

"கண்டுபிடிச்சிட்டேன் தாமரை. சாவித் துளைக்குப் பின்னால ஒரு திருகு லூசு. வயரு கருகிப்போச்சு. இப்ப காயிலுல பன்னெண்டேகால் காட்டுது."

தாமரைச்செல்வி அண்ணனின் கையைப் பார்த்தாள். அழுது முடித்திருந்தாள் போலிருக்கிறது. குரல் சாதாரணமாகவே இருந்தது.

"அந்தத் திருகு ஊருக்குத் திரும்பிப் போற வரைக்கும் அப்படியே இருந்திருக்காதாண்ணே?"

இருந்திருக்கும். ஜெயபாண்டிக்கே தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாகஜோதியின் தோளில் சிவந்த காதுகளோடு தூங்கும் குழந்தையைத் தள்ளி நின்றே பார்த்தார். கரிக்கையோடு தொட முடியவில்லை. யாரும் தண்ணீர் கொடுக்கவும் இல்லை.

பாவம் என்று தோன்றுகிறதா? சிரிப்பு வருகிறதா? நல்லது. நீங்கள் இந்த இனம் இல்லை என்று நானும் நம்பத்தான் விரும்புகிறேன். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். நின்ற வண்டியின் காயிலில் எத்தனை வோல்ட் இருந்தது என்று கேட்டால் இப்போதும் யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். குழந்தையின் பெயரை நான் கடைசிவரை சொல்லவேயில்லை. நீங்களும் கேட்கவில்லை.