ஏழாவது மாடி முகவரி

பூட்டுக்காரர் தம் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவர் பிளாஸ்கில் கொண்டுபோன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏழாவது மாடிக்காரரே, சர்க்கரை பத்தலை" என்றாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது.

அது பழைய கதை. பள்ளிக்கூடம் ஒன்று தன் அறைகளுக்கெல்லாம் பூட்டுப் போடும் வேலையை அவருக்குத் தர முன்வந்தது. இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். பதிவுக்கு முகவரி வேண்டும். பட்டறையோ வீட்டுச் சமையலறைக்குப் பின்னால். அதை எழுத அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சத்தமில்லாமல் ஒரு வர்ச்சுவல் ஆபீஸ் எடுத்துவிட்டார். அறை கிடையாது, நாற்காலி கிடையாது. கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடி முகவரி மட்டும் வாடகைக்கு. விசிட்டிங் கார்டு அச்சாகி வந்த பிறகுதான் மனைவிக்குக் காட்டினார்.

"ஏங்க, இது சட்டப்படி செல்லுமா?"

"தாராளமா. எல்லாம் விசாரிச்சாச்சு."

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டயேதான்."

"நல்லா விசாரிச்சீங்க. அரசாங்கக் கடுதாசி வந்தா யார் கையெழுத்துப் போட்டு வாங்குவாங்க?"

"அங்க ஆள் இருக்கு."

"பார்த்தீங்களா?"

"எல்லாத்தையும் பார்க்கணுமா? மனுஷன் மேல ஒரு நம்பிக்கை வேணாம்?"

"அதான் நம்ம வாசல்ல மூணு பூட்டு தொங்குதாக்கும்."

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் சோறு போடப் போனாள். ஜெயித்துவிட்டோம் என்று அவர் அன்று இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டார்.

கெடுவுக்கு முதல் நாள் வியாழக்கிழமை, தபால்காரர் ஒரு பதிவுத் தபாலை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவளே கணவர் பெயருக்கு, ஏழாவது மாடிக்கு அனுப்பியது. உறைமேல் சிவப்பு மையில், 'வாங்க ஆளில்லை' என்றிருந்தது.

"பதிவு ஆபீஸ்ல கேட்டேன். அவங்க கடுதாசி இப்படித் திரும்பினா பதிவே ரத்தாம்" என்றாள்.

பூட்டுக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். "விடிஞ்சா வெள்ளிக்கிழமை. இனி முகவரிக்கு எங்கம்மா போவேன்?"

"உறையைப் பிரிங்க."

வீடு அவள் பெயரில் இருந்தது. அந்த முகவரியில் கணவர் தொழில் நடத்தத் தனக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். தேதி, கார்டைக் காட்டிய மறுநாள். கீழே ஒரு நிபந்தனை: காலை டீ இனி கணவர் பொறுப்பு.

"இது மிரட்டல்!"

"இல்லைங்க, வாடகை."

பதிவு கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பூட்டுகள் இன்றும் மக்கர் பண்ணாமல் திறக்கின்றன. பட்டறை சமையலறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. காலை டீயை அவர்தான் போடுகிறார். ஒரு டம்ளர்.