சைபர் போட்ட செம்புக் காசு

"பியானோ வர்ற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள இன்னொரு பழைய காசு வராது." என் மனைவி கோராவிடம் நான் செய்த சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எதிர்வீட்டு ஆர்வில் பல வருஷமாகத் தேடிய செம்புக் காசு லங்காஸ்டர் ஊர் ஏலத்தில் வந்தது. அவர் கண்ணெதிரிலேயே தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணமான புதுசு. வாசலெல்லாம் பனி, பையில் 1801ஆம் வருஷத்துக் காசு. இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது. அதைக் காலுறைக்குள் ஒளித்தேன். துவைப்பது கோரா என்பது மறந்துபோயிற்று.

"என்னங்க, இது எப்படி காலுறைக்குள்ள வந்துச்சு?"

"அதுவா? ஒண்ணுக்கும் உதவாத காசு. ஓசியில குடுத்தாங்க."

"ஏன் உதவாது?"

"தப்பும் தவறுமா அடிச்சிருக்கான் பாரு. 'யு' எழுத்து ரெண்டு கோடாப் போச்சு. இலை மாலையில ஒரு காம்பைக் காணோம். டாலர்ல நூத்துல ஒரு பங்குன்னு போடணும், ஒண்ணுக்குக் கீழ வெறும் சைபரா போட்டிருக்கான்!"

"ஐயோ, அச்சே சரியில்லையா?"

"சுத்தமா சரியில்ல."

"அப்ப அச்சு அசலா நீங்கதான்!"

சிரித்தாள். அந்த வயதில் அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அதில் நான் விழுவேன். தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன்.

"அப்ப இது உங்களுக்கு வேண்டாந்தானே?"

"சேச்சே! எனக்கெதுக்கு அந்தக் குப்பை?"

மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை வீடு திரும்பினால், நாலு பேர் மூச்சிரைக்க ஒரு பியானோவை எங்கள் வாசற்படியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்வில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஏமோஸ், உன் பொண்டாட்டி தங்கம்யா!" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு ஓடினார். நான் உள்ளே ஓடினேன்.

"கோரா! என்ன இது?"

"ஆர்வில் அண்ணன் வீட்டுல இதை யாரும் வாசிக்கிறதில்லையாம். அந்தக் குப்பைக் காசைக் குடுத்தேன், இதை எடுத்துக்கச் சொல்லிட்டாரு. பாவம், வெள்ளந்தி மனுஷன்."

"அடிப்பாவி! அந்தக் காசு என்ன விலைன்னு தெரியுமா?"

அவள் நிதானமாகப் பியானோ மூடியைத் திறந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லுங்களேன். எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"ஒரு பாட்டு வாசி கோரா, கேட்போம்" என்றேன்.