சீட்டை முன்னால் தள்ளியது யார்?

உலகத்தைக் காப்பாற்றிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். அதற்கு முன்பே காப்பாற்றியிருப்பேன். எனக்குத் தகவல் வரவில்லை.

தகவல் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். எங்கள் தெருவுக்கு வெளியூரிலிருந்து ஒரு கலைஞர் வந்திருக்கிறாராம். நகராட்சியே அழைத்து, நூலக மாடியில் இரண்டு மாதம் தங்க இடம் கொடுத்திருக்கிறதாம். சுற்றுச்சூழல், சமுதாயம், சமூக மாற்றம் என்று மூன்றையும் சேர்த்து, தெரு மக்களோடு ஏதோ செய்யப் போகிறாராம். கலைஞர் என்றதும் நான் படம் வரைகிறவர் என்று நினைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சலூனுக்குப் போய் மீசையை ஒழுங்கு செய்துகொண்டு வந்தேன். என் மூக்கு ஓவியத்துக்கென்றே வளர்ந்த மூக்கு.

போய்ப் பார்த்தால் அந்த அம்மாவிடம் தூரிகையும் இல்லை, பெயிண்டும் இல்லை. சுத்தியலும் ஒரு டப்பா ஆணியும்தான் இருந்தன. நூலகத்தின் வெளிச்சுவரில் வரிசையாக ஆணி அடித்துக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான்: தெருவில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு மாதத்துக்குச் சாவியைக் கொண்டுவந்து இந்தச் சுவரில் மாட்டிவிட வேண்டும். வண்டிகள் தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் மெத்தைத் தொழிற்சாலையின் முற்றத்தில் நிற்கும். காலியான தெருவில் என்னென்ன முளைக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதுதான் கலையாம். அவருக்கு அன்றைக்கே சாவியம்மா என்று பெயர் வைத்துவிட்டோம்.

"கலைஞர்னா கலையை வளர்ப்பாங்கன்னு நெனச்சேன்" என்று பல் டாக்டர் என் காதில் சொன்னார். "இவங்க தெருவையே கலைக்கிறவங்களால்ல இருக்காங்க."

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி நான் கற்றுக்கொடுத்து ஓடுகிறவை. விபத்தெல்லாம் மீதிப் பாதியால்தான். சொந்தமாக ஒரு கார் உண்டு. பழசுதான், ஆனாலும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன். அதில் என் மனைவி முன்னால் உட்காரலாம், பாட்டை மாற்றலாம், ஜன்னலைத் திறக்கலாம். ஸ்டியரிங்கை மட்டும் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். புருஷன் பெண்டாட்டிக்கு வண்டி கற்றுக்கொடுத்தால் வண்டி ஓடும், குடும்பம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. வீட்டில் என்னை ஓட்டுவது அவள். குடும்பத்தை ஓட்டுவதும் அவள். சாவி ஒன்றாவது என் இடுப்பில் தொங்கட்டுமே என்று எனக்கு ஒரு நப்பாசை.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். விடியும்போதே கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவாள், மத்தியானம் அதேபோல் இரண்டு பஸ் மாறித் திரும்புவாள். கைராசிக்காரி என்று ஊரில் பெயர். ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. பஞ்சைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லும்போதுதான் ரத்தம் போன விஷயமே தெரியும். வீட்டிலும் அவளுக்கு அதே கைராசிதான்.

சரி, சாவிக்கு வருவோம். காரைப் பிரிந்து என்னால் இரண்டு நாள் இருக்க முடியாது. ஆனால் பல் டாக்டர் முந்திக்கொண்டு முதல் சாவியை மாட்டி, போட்டோவில் பல்லைக் காட்டிவிடுவாரே என்ற கவலையும் இருந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மீசைக்கு ஏற்கெனவே செலவு செய்தாகிவிட்டது. அதனால் ஒரு யோசனை செய்தேன். அசல் சாவியைச் சுவரில் மாட்டுவது, ஸ்பேர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது.

மாட்டினேன். போட்டோ எடுத்தார்கள். நடப்பதன் பெருமையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். முடிந்ததும் சாவியம்மா ஏதோ ஒரு விதியை விளக்கிவிட்டு, எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார். நான் அப்போது கேமராவுக்கு எந்தப் பக்கம் முகத்தைக் காட்டலாம் என்ற யோசனையில் இருந்தேன். ஆனாலும் முதல் கை என் கைதான்.

"அவங்க என்ன சொன்னாங்கன்னு காதுல வாங்குனீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எதுவா இருந்தா என்ன? நல்லதுக்குத்தானே சொல்லுவாங்க."

"அப்ப சரி" என்றாள்.

முதல் வாரம் எல்லாம் ஜோராக நடந்தது. நாள் முழுக்க ஸ்கூல் வண்டியில் கத்திவிட்டு வருவேன். சாயங்காலம் ஆனால் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, சுற்றுச்சூழலுக்காக நடக்கப் போகிறேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்புவேன். நேரே தொழிற்சாலை முற்றம். பின்பக்கக் கதவு வழியாக வண்டியை வெளியே எடுத்து, வெளிவட்டச் சாலையில் ஒரு டீக்கடை வரைக்கும் போய், சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்குள் நுழையுமுன் குழாயடியில் நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்துக்கொள்வேன். வியர்வைதான், வேறென்ன. மனைவி அக்கறையாகத் துண்டை நீட்டுவாள்.

ஒருநாள் துண்டோடு ஒரு கேள்வியும் வந்தது. "நடந்தா இளைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க நடக்க நடக்க ஊதுறீங்களே, எப்படி?"

"காத்து உள்ள போகுதும்மா. சுத்தமான காத்து."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் நான் பயந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் தெரு அழகாகிக்கொண்டு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பிடித்திருந்தது. வண்டி நின்ற இடத்தில் நாற்காலிகள் வந்தன. குழந்தைகள் ரோட்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கடலையே வரைந்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். ஹாரன் சத்தம் ஓய்ந்ததில், பல் டாக்டர் பல்லைக் குடைகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. அவருக்கு வருகிற நோயாளிகள் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது வாரம் இடி விழுந்தது. சாயங்காலம் வண்டிக்குள் உட்காரப் போனால் உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. சீட்டை யாரோ முன்னால் தள்ளியிருக்கிறார்கள். கண்ணாடி கீழே பார்க்கிறது. வண்டியும் கோணலாக நிற்கிறது, ஒரு சக்கரம் கிழக்கே, ஒரு சக்கரம் மேற்கே. என் வண்டியை யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? நீ எப்படியப்பா பார்த்தாய் என்று திருப்பிக் கேட்டால், ஸ்பேர் சாவி வெளியே வரும். கூடவே என் சொற்பொழிவும் வெளியே வரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? சீட்டைப் பின்னால் தள்ளினேன், கண்ணாடியைத் திருப்பினேன், வண்டியை நேராக்கி நிறுத்திவிட்டு வந்தேன். மறுநாள் மறுபடியும் சீட் முன்னால். மறுபடியும் கோணல். பெட்ரோல் வேறு குறைந்திருந்தது. முள் இறங்கினால் நான் போய்வருவதும் வெளிப்பட்டுவிடுமே என்று நானே பெட்ரோல் போட்டேன். இப்படியே தினமும் அவன் கலைப்பான், நான் அடுக்குவேன்.

வாத்தியார் மூளை சும்மா இருக்குமா? சீட்டின் தூரத்தையும் கண்ணாடியின் சாய்வையும் வைத்துக் கணக்குப் போட்டேன். ஆள் குள்ளம். பதற்றமில்லாத கால், ஏனென்றால் கிளட்ச் தேயவில்லை. தெருவில் குள்ளமாக இருந்து, என் காரின் மேல் கண்ணும் உடையவர் ஒருவர்தான். பல் டாக்டர். அவருடைய கார் யானை மாதிரி இருக்கும். அவர் அதில் ஏறினால் யானை மட்டும் தெரியும்.

கையும் களவுமாகப் பிடிக்க, பல்வலி என்று பொய் சொல்லி அவரிடம் போனேன். நைசாகப் பேச்சுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்ததும் அவர் விளக்கைப் போட்டு, கடைசிப் பல் சொத்தை என்றார். வாய்க்குள் அவருடைய இரண்டு கையும் இருக்கும்போது குறுக்கு விசாரணை எப்படிச் செய்வது? அவர்தான் பேசினார். சாயங்காலமெல்லாம் தம்பியோடு வாசலில் செஸ் ஆடுவதாகவும், கார் வைத்திருந்த ஞாபகமே போய்விட்டதாகவும் சொன்னார். குரலில் பொய்யில்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குப் பல்லும் போச்சு, சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

இரண்டு மாதம் முடிந்தது. கடைசி நாள் நூலகத்து வாசலில் விழா. தெருவே கூடியிருந்தது. எனக்கு வண்டி திரும்பக் கிடைக்கப் போகிறது, அந்த மர்ம ஆசாமியின் தொல்லையும் ஒழியப் போகிறது. பிரிவின் வேதனையைப் பற்றி ஒரு சொற்பொழிவோடு தயாராக நின்றேன். சுவரைப் பார்த்தேன். என் ஆணி காலியாக இருந்தது.

சாவியம்மா பேச ஆரம்பித்தார். "முதல் நாள் ஒரு விதி சொன்னேன், ஞாபகம் இருக்கும். சுவர்ல மாட்டின சாவி தெருவோட சாவி. சாவி கொடுத்த வீட்டுல இதுவரைக்கும் சாவியத் தொடாதவங்க யாரோ, அவங்க எப்ப வேணா எடுத்து முற்றத்துக்குள்ள ஓட்டிப் பழகலாம்னு சொன்னேன். இந்தப் பெரியவர்தான் முதல்ல கை தூக்கி ஆதரிச்சார். அவருக்கு ஒரு கைதட்டு கொடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே தெருக்கோடியிலிருந்து என் கார் வந்தது. முதல் கியர், இரண்டாம் கியர், ஒரு குலுக்கல் இல்லை. குழந்தைகள் வரைந்த கடலை ஒதுக்கி ஓரமாக வந்து நின்றது. ஓட்டும் சீட்டில், ஸ்டியரிங்குக்கு மேலே மூக்கு மட்டும் தெரிய, என் மனைவி.

கோபமா, பெருமையா என்று எனக்கே விளங்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த பிரேக்கை அவள் அழுத்திய பதம் இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் எனக்கு அப்படி அழுத்திக் காட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது.

"எப்பக் கத்துக்கிட்டே?" என்றேன்.

"மத்தியானத்துல. நீங்க ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்குற நேரத்துல. இந்தம்மா முன்னாடி லாரி ஓட்டினவங்களாம், பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தாங்க. போன வாரம் லைசென்ஸும் வாங்கிட்டேன்."

பிறகு சாவியம்மாவின் பக்கம் திரும்பி, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "ஒண்ணு சொல்லணும். யாரோ ஒருத்தர் தினம் சாயங்காலம் வந்து சீட்டைப் பின்னாடி தள்ளி வச்சாங்க. கோணலா விட்டுட்டுப் போனா நேரா நிறுத்தினாங்க. பெட்ரோல் கூடப் போட்டாங்க. யாருன்னு தெரியல. ரொம்ப நல்ல மனுஷன்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவள் என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்."

சொற்பொழிவை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினேன். போகிற வழியில் அவள் இடது கையை நீட்டினாள். ஸ்பேர் சாவியை அந்தக் கையில் வைத்தேன்.

இப்போது அவளுக்கு இரண்டு பஸ் கிடையாது. விடியற்காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் என்னை டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறாள். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன், சாயங்காலம் அதே வேலையை இலவசமாகச் செய்கிறேன். தெருக்காரர்களுக்குக் காலித் தெரு பிடித்துப்போனதால் வண்டிகள் இன்னும் அந்த முற்றத்தில்தான் நிற்கின்றன, நெருக்கியடித்துக்கொண்டு. அதன் வாசலுக்கு வந்ததும் அவள் இறங்கிச் சாவியை என்னிடம் நீட்டுவாள்.

"நிறுத்திட்டு வாங்க. எனக்கு எல்லாம் வந்துடுச்சு, இந்த ரிவர்ஸ்ல நிறுத்துறது மட்டும் வரவே மாட்டேங்குது. உங்க கை வருமா?"

பொய் சொல்வானேன், அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும். ஓட்டுவது யாராக இருந்தால் என்ன? நிறுத்துவதற்கு நான் வேண்டியிருக்கிறதே. மழையானாலும் வெயிலானாலும் முன்னும் பின்னும் எடுத்து, கனகச்சிதமாக நிறுத்திவிட்டு, தெரு முழுக்க நடந்து வீடு வந்து சேர்வேன். அதற்குள் அவள் காபியைக் குடித்து முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். எனக்கு வைத்த காபி ஆறியிருக்கும். அதைச் சந்தோஷமாகக் குடிப்பேன். தொப்பைகூடக் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

நேற்று என் மாணவர்கள் நாலு பேரை டெஸ்டுக்கு அழைத்துப் போனேன். டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க வீட்டுக்காரம்மாவைத்தான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கேன்" என்றார். "ரெண்டு வண்டிக்கு நடுவுல, ரிவர்ஸ்ல, ஒரே தடவையில நிறுத்தினாங்க. என் சர்வீஸ்ல அப்படி யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்ல."

சாயங்காலம் முற்றத்து வாசலில் அவள் இறங்கிச் சாவியை நீட்டினாள். வாங்கிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்தேன்.